500 லிட்டர் தொட்டியும் ஒரு நீல டிரம்மும்: வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸ் அமைக்கும் முறை

மீன் வளரும் தண்ணீரை ஜல்லி நிரப்பிய பாத்தியில் ஏற்றி, அங்கே செடிகளுக்கு உரமாக்கி, தெளிந்த தண்ணீரைத் திரும்பவும் மீன் தொட்டிக்கே விடுவதுதான் அக்வாபோனிக்ஸ். மீன் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது தண்ணீரில் தேங்கினால் மீனுக்கே நஞ்சாகிவிடும். ஜல்லியின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடி விரும்பி எடுத்துக்கொள்வது நைட்ரேட்டை. ஆகவே மோட்டாரும் குழாயும் இந்த நுண்ணுயிரிகளுக்கு ஏவல் செய்பவையே.

இணையத்தில் காணப்படும் செயல்முறைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பொருள்களை நம்பியவை. சுட்ட களிமண் உருண்டைகளும், தயாராக வரும் பாத்திகளும், போத்தலில் அடைத்த அம்மோனியாவும் நம்மூர்ச் சந்தையில் எளிதில் அகப்படுவதில்லை. அகப்பட்டாலும் விலை கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா தலைநகரிலும் ஹார்டுவேர் கடை, பிளம்பிங் கடை, ஜல்லி விற்பவர், வண்ணமீன் கடை ஆகிய நான்கும் இருக்கும். இந்த அமைப்புக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை அந்த நான்கு கடைகளிலேயே கிடைத்துவிடும்.

அளவுகளை எதை வைத்து முடிவு செய்வது என்பதைத்தான் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பலரும் "எத்தனை மீன் விடலாம்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் போடலாம் என்பது. தொட்டிக்குள் நுழையும் உரம் ஏறக்குறைய முழுவதும் தீவனமாகவே நுழைகிறது. கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனம் சிறு அமைப்புகளுக்குப் பரிந்துரைக்கும் அளவு. காய் காய்க்கும் செடிகளுக்கு இது 50 முதல் 80 கிராம். 32 விழுக்காடு புரதமுள்ள 40 கிராம் தீவனத்தில் சுமார் 2 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் பெரும்பகுதி மீனின் உடலில் தங்காமல் தண்ணீருக்கு வந்துவிடும். பாத்தியின் பரப்பைச் சொன்னால் தீவனத்தைச் சொல்லலாம். தீவனத்தைச் சொன்னால் மீனின் எடையைச் சொல்லலாம். எனவே வேறெதை வாங்காவிட்டாலும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள்.

ஒரு 200 லிட்டர் நீல டிரம்மை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் இரண்டு பாத்திகளும் சேர்ந்து சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பு வரும். அதற்கு 40 கிராம் தீவனம் போதும். வளர்ந்த மீன் தன் எடையில் சுமார் 2 விழுக்காடு தின்னும் என்பதால், மொத்தம் 2 கிலோ மீன் வேண்டும். 500 லிட்டர் தொட்டிக்கு 2 கிலோ மீன் என்பது மிகவும் தாராளமான இடவசதி. அந்தத் தாராளம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அது எதற்கு என்பது மின்சாரம் நிற்கும் நாளில் விளங்கும்.

இடமும் தொட்டியும்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதையும் மாடியிலேயே வைக்கத் தோன்றும். 500 லிட்டர் தண்ணீர் அரை டன். ஜல்லி இன்னும் 250 கிலோ. மனிதர் நடமாடும் மொட்டைமாடி ஒன்று சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமைக்குத்தான் வழக்கமாக வடிவமைக்கப்படுகிறது. பொறியாளர் ஒருவர் இடத்தைப் பார்த்துச் சம்மதிக்காத வரையில் தரையே நல்லது. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் கொல்லைப்புறம் போதுமானது.

தொட்டி கறுப்பாகவோ, உள்ளே ஒளி புகாத பல அடுக்குத் தொட்டியாகவோ இருக்க வேண்டும். வெளிச்சம் புகும் தொட்டியில் சில நாள்களிலேயே பாசி பச்சைப் பசேலென்று படர்ந்து, செடிக்குரிய உரத்தைத் தின்றுவிடும். சாதாரண சின்டெக்ஸ் வகைத் தொட்டியின் வாய் சிறியது என்பதால், மேற்பகுதியை ரம்பத்தால் அறுத்து அகலமாக்கிக்கொள்ளலாம்.

இத்தொட்டியை இரண்டடி ஆழக் குழியில் இறக்கி வைப்பதே என் பரிந்துரை. மண் சூழ்ந்திருப்பதால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் அதிகம் சூடேறாது. பாத்திகளை உயரத்தில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. சிறிய மோட்டாரே போதும். குழியின் அடியில் ஒரு சாண் மணல் பரப்பித் தொட்டியைச் சமமாக உட்கார வைத்து, தொட்டியில் தண்ணீர் ஏற ஏறச் சுற்றிலும் மண்ணை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். மழைநீர் தேங்கும் தாழ்வான இடமாக இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், ஏனென்றால் ஐப்பசி மழையில் குழிக்குள் நீர் ஊறும்போது தண்ணீர் குறைந்த தொட்டி மிதந்து மேலே கிளம்பிவிடும். தொட்டியின் மேல் இறுக்கமான வலையோ கம்பி மூடியோ கட்டாயம் வேண்டும். மீன் துள்ளி வெளியே விழாமல் இருப்பதற்கும், பூனைக்கும் மீன்கொத்திக்கும் எட்டாமல் இருப்பதற்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் அது தேவை.

பாத்தி

பழைய டிரம் வாங்கும்போது அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். ஊறுகாய், குளுக்கோஸ் பாகு, உணவு எண்ணெய் வந்த டிரம் என்றால் சோப்பில்லாமல் வெந்நீரால் கழுவினால் போதும். ரசாயனம் வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் வாங்க வேண்டாம். விற்பவருக்கே தெரியவில்லை என்றாலும் வேண்டாம்.

டிரம்மின் மூடிப்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு திருகு அடைப்புகள் இருக்கும். அவ்விரண்டுக்கும் நடுவே கோடு போட்டு நீளவாக்கில் அறுத்தால், ஒவ்வொரு பாதியிலும் ஓர் அடைப்பு அடிப்பக்கமாக வந்துவிடும். அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி நன்றாக முறுக்கிவிடுங்கள். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், இல்லையெனில் கையைக் கிழிக்கும். ஜல்லி நிரம்பியதும் பாதி டிரம்மின் இரு பக்கச் சுவர்களும் வெளிப்புறமாகப் பிதுங்கும். நிரப்புவதற்கு முன்பே விளிம்பில் எதிரெதிராகத் துளையிட்டு, இரண்டு இடங்களில் குறுக்கே கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டால் அது வடிவம் மாறாமல் நிற்கும்.

பாத்தியின் ஒரு முனையில், அடிமட்டத்தில் துளையிட்டு 25 மில்லிமீட்டர் டேங்க் நிப்பிள் பொருத்துங்கள். உட்புறமாக அதில் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள பி.வி.சி. குழாயைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். தண்ணீர் அந்த உயரத்தை எட்டியதும் குழாயின் வாய்வழியே வழிந்து கீழே தொட்டிக்குப் போய்விடும். அந்தக் குழாயின் அடியில், நிப்பிளை ஒட்டி, 6 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போடுங்கள். மோட்டார் ஓடும்போது தண்ணீர் வடிவதைவிட வேகமாக வருவதால் பாத்தி நிரம்பும்; மோட்டார் நின்றதும் இந்தத் துளை வழியாக மெல்ல வடிந்து, ஜல்லிக்குள் காற்றை இழுத்துக்கொள்ளும். நுண்ணுயிரிகளுக்கும் வேருக்கும் அந்தக் காற்று மிகவும் அவசியம். அரை மணி நேரத்தில் பாத்தி வடியவில்லை என்றால் துளையை 8 மில்லிமீட்டராக்கிக்கொள்ளலாம்.

தானே நிரம்பித் தானே வடியும் மணி சைஃபன் என்னும் அமைப்பைப் பலர் புகழ்வார்கள். பார்க்க அழகானதுதான். ஆனால் நீரோட்டம் சற்றுக் குறைந்தாலும் அது உறிஞ்சத் தொடங்காமல் வெறுமனே வழிந்துகொண்டிருக்கும், சற்றுக் கூடினாலும் உறிஞ்சுவதை நிறுத்தாது. முதல் அமைப்புக்கு ஒரு டைமரும் ஒரு துளையும் போதும் என்பதே என் கருத்து.

நிறுத்திய குழாயைச் சுற்றி 90 அல்லது 110 மில்லிமீட்டர் குழாய்த் துண்டு ஒன்றை, பக்கங்களில் ரம்பத்தால் கீறல்கள் இட்டு, உறையாக வைக்க வேண்டும். ஜல்லியும் வேரும் துளையை அடைக்காமல் தடுப்பது இதுதான். புதினா நடுகிறவர்கள் மாதம் ஒருமுறை இந்த உறைக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் வேர் நுழையாத இடமில்லை.

நிரப்புவதற்கு 20 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி, அதாவது முக்கால் ஜல்லி, ஏற்றது. இரண்டு பாத்திகளுக்கும் சேர்த்துச் சுமார் ஆறு கன அடி, ஐந்து சிமென்ட் மூட்டை அளவு தேவைப்படும். வாங்குவதற்கு முன் ஓரிரு கற்களின் மீது வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அத்தகைய கல் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஜல்லியில் ஒட்டிய கிரஷர் தூள் போகும்வரை சட்டி சட்டியாக அலச வேண்டும். இந்த வேலையில் சலிப்புத் தட்டும். ஆனால் இதில் காட்டும் அவசரம், பிறகு அடைபட்ட துளையாகவும் கலங்கிய தொட்டியாகவும் திரும்பி வரும். ஜல்லி கிடைக்காத இடங்களில் உடைந்த ஓட்டுச் சில்லுகளையோ நன்கு வெந்த செங்கல் துண்டுகளையோ பயன்படுத்தலாம். அரைகுறையாக வெந்த செங்கல் கரைந்து சேறாகும்.

ஜல்லியை 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால், நீர்மட்டத்துக்கு மேல் 5 சென்டிமீட்டர் எப்போதும் உலர்ந்தே இருக்கும். பாசியும் கொசுவும் வராமல் இருப்பது அந்த உலர்ந்த மேலடுக்கினால்தான். ஒவ்வொரு பாத்தியும் ஜல்லி, தண்ணீர் சேர்த்து 150 கிலோ அளவுக்கு எடை வரும். எனவே மூன்று வரிசை ஹாலோ பிளாக்குகளைச் சமதளத்தில் அகலமாக அடுக்கி, தொட்டியை நோக்கி வடிகால் முனை சற்றே சாய்ந்திருக்குமாறு வைக்க வேண்டும்.

மோட்டாரும் மின்சாரமும்

ஏர்கூலருக்குள் வைக்கும் 18 வாட் நீர்மூழ்கி மோட்டார் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். வண்ணமீன் கடை மோட்டாரைவிட மலிவாகவும் இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் உயரம், தண்ணீர் ஒரு சொட்டும் வராத உயரம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து பாத்தியின் விளிம்புவரை உள்ள உயரம் அதில் பாதிக்குள் இருக்க வேண்டும். தொட்டியைக் குழியில் இறக்கியிருந்தால் இந்த உயரம் இரண்டரை அடியைத் தாண்டாது. குழாயைப் பொருத்தியபின் மேலே வாளி வைத்துப் பாருங்கள்: 15 லிட்டர் வாளி ஒன்றரை நிமிடத்துக்குள் நிறைந்தால் இரண்டு பாத்திகளுக்கும் போதும். டி (T) வடிவ இணைப்பு ஒன்றால் பிரித்து, இரு பக்கமும் திருகி ஓட்டத்தைக் குறைக்கும் பால் (ball) வால்வு வைத்து ஓட்டத்தைச் சமப்படுத்துங்கள்.

மோட்டாரைத் தொட்டியின் அடியில் வைக்காமல், அடியிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிடவோ செங்கல்மேல் வைக்கவோ வேண்டும். என்றாவது ஓர் இரவு மேலே குழாய் கழன்று தண்ணீர் வெளியே கொட்டினாலும், கடைசி ஓரடித் தண்ணீர் மீனுக்கு மிஞ்சும்.

பதினைந்து நிமிட முளைகளுள்ள சாதாரண டைமரில், பதினைந்து நிமிடம் ஓடி முப்பது நிமிடம் நிற்குமாறு அமையுங்கள். தொட்டித் தண்ணீரில் காற்றுக் குமிழ்களை விடும் காற்று மோட்டார் மட்டும் இரவு பகலாக ஓட வேண்டும். மின்இணைப்பை, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவே எடுக்க வேண்டும். பிளக் மழை படாத உயரத்தில் இருக்கட்டும். வயர் பிளக்கை அடைவதற்கு முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவதை வீட்டிலுள்ள அனைவரும் பழகிக்கொள்ள வேண்டும்.

தண்ணீரும் நுண்ணுயிரிகளும்

பிடித்து வைத்த மழைநீர் மிகவும் நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, காற்று மோட்டாரை ஓடவிட்டு, இரண்டு நாள் காத்திருங்கள். போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது, பி.எச். 8 வரை இருக்கும். இயன்றால் பாதிக்குப் பாதி மழைநீர் கலந்துகொள்ளுங்கள். பி.எச். 7லிருந்து 8க்கு ஏறும்போது, அதே அளவு அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறையப் பத்து மடங்காகிறது என்பதால் இது சிறிய விஷயமன்று.

தண்ணீர் சுற்றத் தொடங்கியவுடன் மீனை விடக் கூடாது. நுண்ணுயிரிகள் ஜல்லியில் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நம் வெப்பநிலையில் சற்று முன்பே முடியலாம். அதுவரை அவற்றுக்குத் தின்ன அம்மோனியா வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு உரக்கடை யூரியாவைப் போடுகிறவர்கள் உண்டு. இந்தியாவில் 2015 முதல் விற்கப்படும் வேளாண் யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அப்பூச்சே நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகளின் வேகத்தைக் குறைப்பதற்காகப் பூசப்படுவது. எந்த உயிரியை வளர்க்க நினைக்கிறோமோ அதையே அது அடக்கும். அதற்குப் பதிலாக, மீன் தீவனத்தில் தினமும் 10 கிராம் போட்டு அழுகவிடலாம். அல்லது மீன் சந்தையில் இரண்டு இறால் வாங்கி நைலான் துணியில் முடிந்து தொட்டியில் தொங்கவிடலாம். வாடை அடிக்கும், பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. நலமாக மீன் வளரும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு சொம்பு வாங்கி ஜல்லியில் ஊற்றினால், வாரக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

வண்ணமீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றைப் பார்க்கும் சொட்டுமருந்துப் பெட்டி கிடைக்கும். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் காட்டும் நாளில் அமைப்பு தயார். இடையில் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அதை நம்பி மீனை விட்டுவிடாதீர்கள், அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை. மீன் விட்ட பிறகு நைட்ரைட் ஏறினால், தீவனத்தை நிறுத்தி, லிட்டருக்கு அரை கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்து விடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் மீனின் இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கும்.

மீன்

ரோகு, கட்லா போன்றவை குளத்துக்கு உரியவை. 500 லிட்டரில் அவற்றை வளர்ப்பது அவற்றுக்கும் நமக்கும் துன்பம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கிஃப்ட் (GIFT) என்னும் மேம்படுத்தப்பட்ட திலேப்பியா இவ்வகைத் தொட்டிக்கு மிகப் பொருத்தமானது என்றாலும், அதை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். உண்பதற்காக வளர்ப்பவர்கள் பனையேறிக் கெண்டையைக் கவனிக்கலாம். அது தலையிலுள்ள சிறப்பு உறுப்பால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் என்பதால், மின்வெட்டில் மற்ற மீன்கள் திணறும் நேரத்தையும் தாங்கிவிடும். மூடியில் இடைவெளி இருந்தால் ஏறி வெளியே போய்விடும் என்பதுதான் அதன் குறை. சைவ வீடுகளில் கோய் கெண்டையோ தங்கமீனோ வளர்க்கலாம்; செடிக்கு வேறுபாடு தெரியாது.

விரலளவுக் குஞ்சுகள் இருபது வாங்குங்கள். பையோடு அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். குஞ்சுப் பருவத்தில் எடையில் 5 விழுக்காடு தின்னும். எட்டு கிராம் குஞ்சுகள் இருபதுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் போதும். அந்த 8 கிராம் இரண்டு பாத்திகளையும் வளர்க்காது என்பதால், தொடக்கத்தில் ஒரு பாத்தியின் பாதியில் மட்டும் நடுங்கள். மீன் வளர வளரச் செடியைப் பரப்பலாம். மிதக்கும் தீவனமே நல்லது, ஏனெனில் தின்றது போக மிஞ்சியது கண்ணுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் தின்னாமல் மிஞ்சியதை வலையால் எடுத்துவிட்டு, மறுநாள் அந்த அளவைக் குறைக்க வேண்டும். சோறு, பொரி, ரொட்டித் துண்டு எதுவும் போட வேண்டாம் என்று வீட்டுக்கு வரும் விருந்தினரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

செடி

பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஈரத்திலேயே பிறந்தவை. தண்டை ஒடித்துச் செருகினால் போதும். புதினா, பாலக், தண்டுக்கீரை ஆகியவையும் நன்றாக வரும். கீரை விதை சிறியது என்பதால் ஜல்லிக்கிடையில் விழுந்து காணாமல் போகும். அதைத் தேங்காய் நார்க்கழிவுத் தட்டில் முளைக்கவைத்து, நான்கு இலை விட்டதும் வேரை அலசி நட வேண்டும். வெண்டையும் தக்காளியும் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கேரட், முள்ளங்கி போன்றவை ஜல்லியில் கோணல்மாணலாகத்தான் வளரும். மூன்றாம் மாதம் ஒரு கைப்பிடி மண்புழுவை அலசி ஒவ்வொரு பாத்தியிலும் விட்டால், தேங்கும் கசடை அவை மட்கச் செய்யும்.

இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைபாடு. மீன் தீவனத்தில் இரும்பு குறைவு. கடினத் தண்ணீரில் இருப்பதும் செடிக்கு எட்டாது. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) போட்டால் உடனே துருவாகப் படிந்துவிடும். உரக்கடையில் இ.டி.டி.ஹெச்.ஏ. வகைச் செலேட் இரும்பு என்று கேட்டு வாங்கி, 6 விழுக்காடு உள்ளதானால் 16 கிராம் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் சில நாள் சிவந்திருப்பது இயல்பே. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இது தேவைப்படும். நைட்ரேட்டாக மாறும் வினை அமிலத்தை உண்டாக்குவதால், மாதங்கள் செல்லச் செல்ல பி.எச். இறங்கும். மழைநீர் மட்டும் பயன்படுத்துவோர் 6.5க்குக் கீழே போனால், கழுவிய கிளிஞ்சல்களைத் துணிப்பையில் கட்டி நீர் விழும் இடத்தில் தொங்கவிடலாம். போர்வெல் நீர் சேர்ப்போருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் வராது.

மாடித்தோட்டத்துப் பழக்கங்களை இங்கே கொண்டுவராமல் இருப்பதுதான் அனுபவசாலிகளுக்குக் கடினமான பாடம். வேப்பெண்ணெய்க் கரைசலும் சோப்புக் கரைசலும் இலையிலிருந்து சொட்டினால் மீனின் செவுளைத் தாக்கும். பஞ்சகவ்யமும் அமிர்தக் கரைசலும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்; பச்சைச் சாணத்தின் கிருமிகளும் கீரைக்கு வந்து சேரும். அசுவினிப் பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சி விரட்டுங்கள். புழுவைக் கையால் எடுத்து மீனுக்கே போடுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை வையுங்கள்.

மின்சாரம் நிற்கும்போது

தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறும்போது, அது தாங்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். காற்று நின்றால் மீன் முதலில் சுறுசுறுப்பை இழக்கும், பிறகு மேலே வந்து வாயைப் பிளக்கும். 500 லிட்டருக்கு 2 கிலோ என்ற அளவைத் தாண்டாதிருந்தால், சில மணி நேரம் பதறாமல் இருக்கலாம். 12 வோல்ட் காற்று மோட்டாரையும் பழைய பைக் பேட்டரியையும் தயாராக வைத்திருப்பது நல்லது. அதுவும் இல்லையென்றால், சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத நாளில் தீவனம் போடவே கூடாது. ஒரு நாள் பட்டினி மீனைக் கொல்லாது, செரிமானத்துக்குச் செலவாகும் ஆக்சிஜன் கொல்லும். பாத்தியை ஒன்றும் செய்ய வேண்டாம். ஈரமான ஜல்லியில் நுண்ணுயிரிகள் பிழைத்திருக்கும்.

மீன்கள் சராசரியாக 100 கிராமை எட்டும்போது மொத்தம் 2 கிலோவாகி, தீவனம் 40 கிராமைத் தொட்டுவிடும். அதன்பின் பெரியவற்றை இரண்டு மூன்றாகப் பிடித்துக் குழம்புக்கு எடுத்துக்கொண்டே வரலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டால், அம்மோனியா இல்லாமல் ஜல்லியிலுள்ள நுண்ணுயிரிகள் குறைந்துபோய், அடுத்த குஞ்சுகளுக்காகத் திரும்பவும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். பிடித்ததன் எடைக்கு ஏற்பத் தீவனத்தைக் குறைத்து, அந்த வாரமே புதுக் குஞ்சுகளை விட்டு, தராசின் கணக்கை மீண்டும் 40 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும்.